மறுகாலும் ரிட்டர்ன் லைனும்

நம்ம ஊர்க்காரர்களுக்கு மறுகால் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டாம். குளம் வெட்டிய பழைய ஆட்கள் மடையோடு சேர்த்து மறுகாலையும் கட்டி வைத்தார்கள். மடை, வயலுக்குத் தண்ணீர் கொடுக்க. மறுகால், மிஞ்சியதை வெளியே விட. மடை சின்னதாகிப் போனால் நாலு வயல் வாடும். மறுகால் சின்னதாகிப் போனால் கரை உடையும். 2021 நவம்பர் மழையில் பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் உபரி நீரைத் திறந்துவிட்டபோது கோதையாறும் பரளியாறும் வந்த வரத்தை மூவாற்றுமுகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மிஞ்சுகிற தண்ணீர்தானே என்று யாரும் அதை அலட்சியமாக நினைத்துவிட முடியாது.

மோட்டார் வண்டியிலும் இப்படி ஒரு மறுகால் உண்டு. ரிட்டர்ன் லைன் என்று பெயர். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போன எண்ணெயில் எரிந்தது போக மீதியைத் திரும்ப டேங்குக்கே கொண்டுவரும் குழாய். பணிமனையில் டீசல் பம்ப் பிரிவில் 30 வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். சர்வீஸில் அதிகம் அலட்சியப்படுத்தப்பட்ட குழாய் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லுவேன். போகிற குழாயை எல்லாரும் கவனிப்பார்கள். வருகிற குழாய்க்குக் கையில் கிடைத்த ஏதோ ஒரு டியூபைச் சொருகி கிளிப் போட்டு விடுவார்கள். "திரும்பி வாறதுதானே" என்று ஒரு சமாதானம் வேறு.

சமீபத்தில் ஒரு பழைய அம்பாசிடரில் இதையே மறுபடி பார்த்தேன். நம்மில் பலர் வீட்டு ஷெட்டிலும் இன்னும் ஒரு பழைய வண்டி கிடக்கிறது. கல்ஃபிலிருந்து பிள்ளைகள் லீவுக்கு வந்து, "அப்பா வண்டியை ரெடி பண்ணுவோம்" என்று கிளம்புகிற காலம் இது. அவர்களுக்குப் பயன்படும் என்றே எழுதுகிறேன்.

வண்டி 1977 மாடல், மார்க் 3. என் சினேகிதர் அதை டாக்சியாக ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் சாவுக்கும் ஓடிய வண்டி. டாக்சி ஓட்டத்தை நிறுத்தியபின் சொந்த வண்டியாக மாற்றி வைத்துக்கொண்டார். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை நாகர்கோவிலுக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வாடகைக் காரில் போகச் சொன்னால் கேட்கமாட்டார். தன் வண்டியில்தான் போவேன் என்பார். ஆனால் அந்த 1489 சி.சி. எஞ்சின் மூன்று தடவை போரிங் பண்ணி, இனி ஸ்லீவ் போட வேண்டிய நிலையில் நின்றது.

மகன் சவுதியிலிருந்து லீவில் வந்தான். அம்பாசிடரிலேயே பிற்காலத்தில் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின் வந்ததே, ஐந்து கியரோடு, அதில் எம்.பி.எஃப்.ஐ. வகை ஒன்றைச் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து, கியர்பாக்ஸ், ஒயரிங், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாவற்றோடும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். ஒரே கம்பெனி வண்டி என்பதால் எஞ்சின் உட்காருவதில் பெரிய தொல்லை இல்லை. ஒரு பட்டறையில் கொடுத்து ஏற்றியாகிவிட்டது. ஸ்டார்ட்டும் ஆனது.

பிறகுதான் வினை. நின்ற இடத்தில் எஞ்சின் ஏறி இறங்கித் தவித்தது. புகைக்குழாயில் கரி. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி. வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம். வீட்டு அம்மாவுக்கு ஏறிய பத்தாவது நிமிடம் வாந்தி. பேரப்பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றவே கூடாது என்று மருமகள் சொல்லிவிட்டாள். ரோட்டில் வேகமெடுத்தால் மட்டும் ஒருவிதமாக ஓடும்.

"மாமா, ஈ.சி.யு. போயிட்டுன்னு சொல்லுறாங்க. இன்னொண்ணு வாங்கணும்னா 22 ஆயிரம் கேக்காங்க. அதுவும் கிடைக்கணும்லா" என்று மகன் போனில் சொன்னான். லீவு தீர 18 நாள்தான் இருந்தது. பின்னாலிருந்து அப்பா குரல்: "சாரே, நீங்க ஒண்ணு வந்து பாருங்க. பயலு போயிட்டாம்னா பொறவு இத ஆரு பாப்பா? பழைய எஞ்சின களத்தாதேன்னு அப்பமே சொன்னேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் மனத்தாங்கல் இருந்தது. வண்டி சரியாகவில்லை என்றால் மகன் போட்ட பணம் மட்டுமல்ல, அப்பா மகனுக்கு இடையில் ஒரு பேச்சும் அப்படியே நின்றுபோகும் என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலையிலேயே போனேன்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். டேங்கிலிருந்து முன்னால் போகும் குழாய் நல்ல ஸ்டீல் குழாய், 8 மி.மீ. எலெக்ட்ரிக் பம்பையும் டேங்குக்குப் பக்கத்திலேயே தாழ்வாக வைத்திருந்தார்கள். சரியான இடம். பம்ப் தள்ளத்தான் செய்யும், உறிஞ்சிக் கொடுக்கத் தெரியாது. திரும்பி வரும் குழாய்? டீசல் எஞ்சினில் இஞ்செக்டர் தலையிலிருந்து கசிவு எண்ணெயைச் சேர்த்துக் கொண்டுவருமே, அந்த ஒல்லி டியூப். உள்துவாரம் 3 மி.மீ. முன்னாலிருந்து டேங்க் வரை அதுவே ஓடியது.

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், கஷ்டமில்லை.

பழைய அம்பாசிடரின் பெட்ரோல் பம்ப், எஞ்சின் கேம்ஷாஃப்ட் அடித்து ஓட்டுகிற டயஃப்ரம் பம்ப். கார்புரேட்டர் சட்டியில் பெட்ரோல் நிறைந்ததும் ஃப்ளோட் மேலேறி ஊசியை அடைக்கும். அடைத்தால் பம்பின் டயஃப்ரம் அப்படியே நிற்கும், இறைக்காது. வேண்டியபோது மட்டும் வாளி விட்டு இறைக்கிற கிணறு மாதிரி. மிச்சம் என்பதே கிடையாது. அதனால் அந்த வண்டிக்கு ரிட்டர்ன் லைன் கிடையாது. டேங்கில் ஒரே ஒரு குழாய்தான்.

எம்.பி.எஃப்.ஐ. அப்படி இல்லை. எலெக்ட்ரிக் பம்ப், சாவி போட்டு எஞ்சின் ஓடத் தொடங்கினால் முழு வேகத்தில் இறைத்துக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இந்த வண்டியில் இருந்த பம்ப் மணிக்குச் சுமார் 100 லிட்டர் தள்ளுவது. எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது குடிப்பது மணிக்கு ஒரு லிட்டர் போலத்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்குப் பத்து என்று வைத்தாலும், மணிக்கு ஆறு லிட்டர். மீதி 94 முதல் 99 லிட்டர்வரை திரும்பி வர வேண்டும். ஆக, "மிஞ்சி வாறதுதானே" என்று நினைக்கிற குழாயில்தான் எந்நேரமும் ஏறக்குறைய முழு வெள்ளமும் ஓடுகிறது. அதுவும் வண்டி சும்மா நிற்கும்போதுதான் அதிகம்.

எஞ்சின் மேல் இஞ்செக்டர்கள் உட்கார்ந்திருக்கும் குழாய்க்கு ரயில் என்று பெயர். ரயிலின் கடைசியில் ரெகுலேட்டர். உள்ளே ஒரு டயஃப்ரம், ஒரு ஸ்பிரிங். ரயிலில் பிரஷர் 3 கிலோவைத் தொட்டதும் திறந்து, அதிகமானதை ரிட்டர்னில் விட்டுவிடும். ரெகுலேட்டரின் தலையில் ஒரு வேக்கம் ஹோஸ் இருக்கும். சும்மா ஓடும்போது எஞ்சினின் இழுப்பு அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, பிரஷரை இரண்டரை கிலோவுக்கு இறக்கும். இவ்வளவுதான் அதன் வேலை.

இப்போது முக்கியமான விஷயம். போகிற குழாயில் கொஞ்சம் தடை இருந்தால் குற்றமில்லை, பின்னால் நின்று தள்ளுவதற்குப் பம்ப் இருக்கிறது. அரை கிலோ அதிகமாகத் தள்ளி ஈடுகட்டிவிடும். திரும்பி வருகிற குழாயில் தள்ள ஆள் கிடையாது. ரெகுலேட்டரைத் தாண்டி வந்த பெட்ரோல் தானாக, லேசாக டேங்குக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே தடை வந்தால் அது பின்னோக்கி ரெகுலேட்டரில் முட்டும். ஓரளவுவரை ரெகுலேட்டர் சமாளிக்கும், வாயை இன்னும் அகலமாகத் திறக்கும். முழுக்கத் திறந்தும் வெளியேற வழியில்லை என்றால் பிறகு அது ரெகுலேட்டரே அல்ல. ரயிலின் பிரஷரை அந்த ஒல்லிக் குழாய்தான் தீர்மானிக்கும். மறுகால் போதாத குளத்தில் நீர்மட்டம் ஏறுவதும் இதுவும் ஒன்றுதான்.

குழாய்க்குள் எவ்வளவு தடை வரும் என்பதற்குக் கணக்கு உண்டு. மணிக்கு 100 லிட்டர் பெட்ரோல், 4 மீட்டர் நேர்க்குழாய் என்று வைத்து நான் போட்டுப் பார்த்தது இது. எல்லாம் உள்விட்டம், ஏறத்தாழக் கணக்கு:

3 மி.மீ. என்றால் 2 கிலோ.
4 மி.மீ. என்றால் அரை கிலோ.
6 மி.மீ. என்றால் 0.08 கிலோ.
8 மி.மீ. என்றால் 0.02 கிலோ.

பாருங்கள், 4 மி.மீ.யிலிருந்து 8-க்குப் போனால் விட்டம் இரண்டு மடங்குதான். தடையோ 25 மடங்குக்கு மேல் குறைகிறது. இந்த விஷயத்தில் கண்ணளவு நம்மை ஏமாற்றும். விரலில் பிடித்துப் பார்த்தால் 3 மி.மீ. டியூபும் 6 மி.மீ. டியூபும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. பெட்ரோலுக்கு அது ஒற்றையடிப் பாதைக்கும் தேசிய நெடுஞ்சாலைக்கும் உள்ள வித்தியாசம். பம்பைப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். மணிக்கு 200 லிட்டர் தள்ளுகிற பம்பைப் போட்டால் அதே குழாயில் தடை மூன்று மடங்குக்கு மேல் ஏறும். "பிக்கப் கிடைக்கட்டும்" என்று பெரிய பம்பை வாங்கி மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். கணக்கு எப்படிச் சொன்னாலும் கேஜ் வைத்துப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. ரயிலில் பிரஷர் கேஜை மாட்டி ஸ்டார்ட் பண்ணினோம். சும்மா ஓடுகையில் இரண்டரை காட்ட வேண்டிய முள் 3.4-இல் நின்றது. ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றச் சொன்னேன். நல்ல ரெகுலேட்டர் என்றால் அப்போது முள் அரை கிலோ ஏறும். இங்கே அசையவே இல்லை. கட்டுப்பாடு ரெகுலேட்டரின் கையில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

"ரெகுலேட்டர் போயிட்டோ மாமா?" என்றான் மகன்.

"அவசரப்படாத மக்களே. முதல்ல வழியத் திறந்து பாப்போம்."

எஞ்சினை ஆறவிட்டு, வண்டியை முற்றத்துக்கு வெளியே தள்ளி நிறுத்தி, தீயணைப்பு சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெகுலேட்டரின் ரிட்டர்ன் முனையில் ஒரு அகலமான ஹோஸை மாட்டி எட்டத்தில் ஒரு தகரக் கேனில் விட்டோம். மறுபடி ஸ்டார்ட் பண்ணியதும் முள் சட்டென்று இரண்டரைக்கு இறங்கியது. வேக்கம் ஹோஸைக் கழற்றினால் மூன்று. மாட்டினால் இரண்டரை. எஞ்சின் தவிப்பும் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. 30 வினாடியில் கேனில் விழுந்ததை அளந்தோம்: 800 மில்லி. மணிக்கு 96 லிட்டர். பம்பும் சரி, ரெகுலேட்டரும் சரி, ஈ.சி.யு.வும் சரி. குற்றவாளி அந்த மீட்டர் பத்து இருபது ரூபாய் டியூப்.

ஏன் கரி என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஈ.சி.யு. இஞ்செக்டரை இத்தனை மில்லி வினாடி திற என்று மட்டும்தான் சொல்லும். பின்னால் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, 3 கிலோ என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடும். அழுத்தம் ஏறினால் அதே நேரத்தில் அதிகம் பெட்ரோல் உள்ளே விழும். இந்த வண்டியில் சும்மா ஓடும்போது ஏறக்குறைய 14 சதவீதம் அதிகம். புகைக்குழாயில் உள்ள சென்சார் குறை குறை என்று சொல்ல, ஈ.சி.யு. குறைத்துக் குறைத்து எல்லைக்கே போய்த் தவிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஈ.சி.யு. பைத்தியம் பிடித்தது போலத் தெரியும். வேகமெடுத்தால் எஞ்சினின் இழுப்பு குறைந்து இருக்க வேண்டிய பிரஷரே மூன்று கிலோ ஆகிவிடுவதால் வித்தியாசம் சுருங்கும். ரோட்டில் ஒருவிதமாக ஓடியது அதனால்தான்.

பெட்ரோல் நாற்றத்துக்கும் காரணம் கிடைத்தது. டேங்கின் பக்கத்தில் அந்த ஒல்லி டியூபைத் தடித்த நிப்பிளில் இழுத்துச் சொருகி கிளிப் போட்டிருந்தார்கள். இத்தனை அழுத்தத்தில் அது வியர்த்துக்கொண்டே இருந்தது. பின்சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் கசிகிற வண்டியில் குடும்பம் ஏறிப் போய் வந்திருக்கிறது. அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது கரி அல்ல, இதுதான்.

என்ன அளவு குழாய் போடுவது? கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீல் குழாயை வெளிவிட்டத்தால் விற்கிறார்கள். 6 மி.மீ. குழாய் என்றால் உள்ளே 4.6-தான் இருக்கும். 8 மி.மீ. என்றால் உள்ளே 6.6. ரப்பர் ஹோஸை உள்விட்டத்தால் விற்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் வந்தால் டிரில் பிட்டின் பின்பக்கத்தை விட்டுப் பார்த்தால் போதும், எந்த அளவு பிட் நுழைகிறதோ அதுதான் உள்விட்டம்.

அமெரிக்காவில் பழைய வண்டியில் புது எஞ்சின் ஏற்றுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், போகும் குழாய் முக்கால் அரை அங்குலம், அதாவது 3/8 என்றால், வரும் குழாய் 5/16 அங்குலம் என்று வைப்பது வழக்கம். ஒரு படிக்கு மேல் குறைக்கமாட்டார்கள். நான் அந்த ஒரு படியையும் குறைக்கவில்லை. போவதும் 8, வருவதும் 8. வளைவுகள், நிப்பிள்கள் எல்லாம் சேர்த்தாலும் தடை 0.1 கிலோவுக்குள் நிற்கும். குழாய்க்கு ஆகும் அதிகச் செலவு நூறு இருநூறு ரூபாய்.

அடுத்தது டேங்க். குழாயை மட்டும் பெரிதாக்கி, டேங்கில் ஊசித்துளை நிப்பிளை விட்டுவைத்தால் பயன் இல்லை. ஆனால் டேங்கில் வெல்டிங் வைப்பது விளையாட்டல்ல. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. அது வெடித்தால் டேங்க் குண்டுதான். அதனால் டேங்கைத் தொடவே இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் யூனிட் ஒரு வட்டத் தகட்டில் ஸ்குரூ போட்டு டேங்கில் உட்கார்ந்திருக்குமே, அந்தத் தகட்டை மட்டும் கழற்றி, ஃப்ளோட்டை எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்து, லேத்தில் கொண்டுபோய் 8 மி.மீ. குழாயைப் பித்தளையில் ஒட்டவைத்தோம். குழாயின் கீழ்முனை டேங்கின் அடிக்கு ஒரு அங்குலம் மேலே நிற்கும்படி. மேலிருந்து அருவி மாதிரி கொட்டினால் நுரைக்கும். நுரை பம்புக்குள் போனால் எஞ்சின் மூச்சு வாங்கும். முனையை உறிஞ்சும் குழாய்க்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். திரும்பி வருவது எஞ்சின் சூட்டைச் சுமந்து வரும் பெட்ரோல். அது டேங்கில் கலந்து ஆறிப் போக வேண்டும், வந்த கையோடு மறுபடி பம்புக்குள் போகக் கூடாது. சித்திரை வெயிலில் டேங்கைக் கால்பங்குக்குக் கீழே விடாதே என்று மகனிடம் சொன்னதும் இதற்காகத்தான். டேங்க் மூடியின் காற்றுத்துளை திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். இப்போது வரும் புது வண்டிகளில் ரெகுலேட்டரை டேங்குக்கு உள்ளேயே வைத்து, சூடான பெட்ரோல் திரும்பி வருவதையே ஒழித்துவிட்டார்கள். அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.

ரப்பர் இணைப்புகளையும் மொத்தமாக மாற்றினோம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1977-இன் ரப்பர் அதைத் தாங்காது, ஊறி, வெடித்து, துகள் துகளாக ஃபில்டரில் வந்து நிற்கும். பிரஷர் பக்கத்துக்கு இஞ்செக்ஷன் வண்டிக்கென்று வரும் ஹோஸையே கேட்டு வாங்க வேண்டும். அதற்கான கிளிப்பும் தனி, ஹோஸைக் கடிக்காத வகை.

மூன்று நாள் வேலை. கடைசியில் கேஜை மாட்டினோம். சும்மா ஓடுகையில் இரண்டரை, வேக்கம் கழற்றினால் மூன்று. புதிய பிளக் போட்டு மார்த்தாண்டம் போய் வந்து கழற்றிப் பார்த்தால் செங்கல் நிறம். நாற்றம் இல்லை. வீட்டு அம்மா பின்சீட்டில் ஏறி, முந்தானையை மூக்கில் வைக்காமல் குலசேகரம் வரை போய் வந்தார்கள். மருமகளும் பிறகு மறுத்துப் பேசவில்லை.

டீசல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அம்பாசிடரில் மெட்டடோர் எஞ்சினை இறக்கியவர்களும், பெட்ரோல் ஜீப்பை டீசலாக்கியவர்களும் நம்மில் உண்டு. இன்னும் சில ஓடுகின்றன. பெட்ரோல் வண்டிக்கு ரிட்டர்ன் லைன் இல்லாததால், டீசல் ஏற்றியபோது அதைப் புதிதாகத்தான் போட்டிருப்பார்கள். பஸ்ஸில் இருப்பது போன்ற வரிசைப் பம்பில் திரும்பி வருவது குறைவு. ரோட்டரி பம்பில் அப்படியல்ல. பம்பின் வயிற்றுக்குள் ஓடும் டீசல்தான் அதற்கு மசகும் குளிர்ச்சியும். புகுந்த காற்றை வெளியே கொண்டுபோவதும் அதுதான். ரோட்டரி பம்பின் வெளிவாசல் போல்ட்டுக்குள் ஒரு ஊசித்துளை இருக்கும். உள்வாசல் போல்ட்டும் அதுவும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இடம் மாற்றிப் போடக் கூடாது. பம்புக்குள் எவ்வளவு பிரஷர் நிற்க வேண்டும் என்பதை அந்தத் துளை அளந்து வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வரும் குழாய் தாராளமாக இருக்க வேண்டும். நசுங்கினாலோ மடங்கினாலோ உள்பிரஷர் ஏறி டைமிங் மாறும். பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்தால் சரியாகக் காட்டும், வண்டியில் மாட்டினால் தகராறு செய்யும். இப்படி வந்த பம்புகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். பம்பைக் குறை சொல்லும் முன் குழாயை ஒரு தடவை ஊதிப் பாருங்கள்.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் மாற வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிப் பதிவு பண்ணாமல் ஓட்டக் கூடாது. வாங்கிய எஞ்சினுக்கு பில் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு விபத்து நடந்த பிறகு நம்பர் பொருந்தவில்லை என்று தெரிந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் பதில் கிடைக்காது. மகன் கிளம்பும் முன்பே அந்தக் காகித வேலையைத் தொடங்கி வைத்துவிட்டுப் போனான்.

பழைய எஞ்சின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய இரும்புக்குப் போடவில்லை. ஷெட்டின் மூலையில் இரண்டு மரக்கட்டை மேல் தார்ப்பாய் மூடி வைத்திருக்கிறார். பிளக் துவாரம் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வாரம் ஒருமுறை கையால் ஒரு சுற்றுச் சுற்றி விடுவாராம், பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க. "ஒருநாள் வேணும்னா திரும்ப ஏத்திக்கலாம்லா சாரே" என்றார். மகன் அதைக் கேட்டுச் சிரித்தான், மறுப்புச் சொல்லவில்லை. அப்படி ஏற்றுகிற நாள் வந்தால் எலெக்ட்ரிக் பம்பைக் கழற்றிவிட்டு ரிட்டர்ன் குழாயின் வாயை நன்றாக அடைக்க வேண்டும், கார்புரேட்டருக்கு அது தேவையில்லை என்று ஒரு சீட்டில் எழுதி அந்தத் தார்ப்பாய்க்குள் வைத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் நாகர்கோவில் பரிசோதனைக்கு அந்த வண்டியிலேயே போய் வந்திருக்கிறார். ஓட்டியது பக்கத்து வீட்டுப் பையன். இவர் முன்சீட்டில் உட்கார்ந்து தக்கலைவரை கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனாராம். ஐந்தாவது கியர் அவருக்கே புதிது என்பதால் அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்று பையன் சொன்னான்.

ஷெட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த மழை ஓய்ந்ததும் ஒரு டார்ச்சோடு அடியில் படுத்து, திரும்பி வரும் குழாய் எங்கே போகிறது, உள்ளே எத்தனை மி.மீ. என்று பாருங்கள். அடுத்த பதிவில் டேங்க் உள்துருவை எடுப்பது பற்றி எழுதுகிறேன்.